ஒரு தொட்டி, இரண்டு மூடிகள்

சலூன்காரர் காலையில் கடையின் இரும்புக் கதவை மேலே தள்ளியபோது தெரு நனைந்திருந்தது. முழுத் தெருவும் அல்ல. அவர் வீட்டுச் சந்திலிருந்து கிளம்பி, கடைப்படியைச் சுற்றிக்கொண்டு, எதிர்ச்சாரியை நோக்கி நாக்கை நீட்டியதுபோல ஓர் ஈரத் தடம். வேறொரு வருஷமாக இருந்தால் அதை யாரும் திரும்பிப் பார்த்திருக்க மாட்டார்கள். இந்த வருஷம் அதைச் சுற்றி நாலைந்து பேர் கையைக் கட்டிக்கொண்டு நின்றிருந்தார்கள், விபத்து நடந்த இடத்தைப் பார்ப்பதுபோல.

“உன் வாசல்ல மட்டும் மழை பெஞ்சுதாப்பா?” என்று கேட்டார் ஓய்வுபெற்ற தபால்காரர். முடி வெட்ட வேண்டியிருந்தாலும் இல்லாவிட்டாலும் தினமும் முதல் ஆளாக வந்து பெஞ்சில் உட்கார்பவர். அவர் சொன்னதற்கு வழக்கமாகச் சிரிக்கும் யாரும் அன்று சிரிக்கவில்லை.

மழை பொய்த்த இரண்டாவது வருஷம் அது. நகராட்சி ஒவ்வொன்றாக விதி போட்டுக்கொண்டே வந்தது. வாசல் கழுவக்கூடாது. வண்டி கழுவக்கூடாது. செடிக்கு ரப்பர் குழாய் பிடிக்கக்கூடாது. ஒற்றைப்படை எண் வீட்டுக்கு ஒற்றைப்படைத் தேதியில் தண்ணீர், இரட்டைப்படைக்கு மறுநாள். தொட்டியில் பாதிக்கு மேல் தேக்கினால் அது பதுக்கல். தெருவில் வழியவிட்டால் மழை வரும்வரை இணைப்புக்குச் சீல். இதையெல்லாம் அச்சடித்த தாளை நகராட்சிக்காரர்கள் சலூன் கண்ணாடியிலேயே ஒட்டிவிட்டுப் போயிருந்தார்கள். கழுத்தில் துணி கட்டி உட்கார்ந்தவன் வேறு எங்கே பார்ப்பான்? ஊரில் மற்றவர்களைவிட சலூன்காரரின் வாடிக்கையாளர்களுக்கு விதிகள் மனப்பாடம்.

அவர் சந்துக்குள் நடந்தார். தரைத்தொட்டியின் இரும்பு மூடிமேல் வைத்திருந்த கல் அப்படியே இருந்தது. மூடியின் விளிம்பிலிருந்து தண்ணீர் கசிந்து, மெதுவாக, வெட்கப்படுவதுபோல வழிந்துகொண்டிருந்தது. அவர் கல்லை நகர்த்தவில்லை. கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு தலையைத் தூக்கிச் சுவரைப் பார்த்தார். சுவருக்கு அந்தப் பக்கம் அக்கா தனியாக இருக்கும் வீடு.

ஒரு காலத்தில் அது ஒரே வீடு. அப்பா போன பிறகு பிரித்தார்கள். தரையைப் பிரிக்கலாம், கூரையைப் பிரிக்கலாம். தரைக்கு அடியில் அப்பா கட்டிய தொட்டியைப் பிரிக்க முடியவில்லை. சுவர் அதன் நடு முதுகில் ஏறி நின்றது. சுவருக்கு இந்தப் பக்கம் ஒரு மூடி, அந்தப் பக்கம் ஒரு மூடி. இரண்டு இணைப்பு, இரண்டு மோட்டார், உள்ளே ஒரே தண்ணீர். தம்பி வீட்டுக்கு ஒற்றைப்படை எண் விழுந்தது, அக்கா வீட்டுக்கு இரட்டைப்படை.

கொத்தனார் சுவரை ஒரு சாண் தள்ளிக் கட்டிவிட்டார் என்பதில்தான் பேச்சு நின்றது. எந்தப் பக்கம் தள்ளிக் கட்டினார் என்பதில் இருவரும் ஒத்துப்போகவில்லை. ஒரு நாடாவை எடுத்து அளந்திருந்தால் அன்றைக்கே தீர்ந்திருக்கும். அளக்கலாம் என்று முதலில் சொல்பவர்தான் தோற்றவர் என்று இருவருக்கும் எப்படியோ தோன்றிவிட்டது. ஒரே அப்பாவின் பிள்ளைகள் அல்லவா. ஆரம்பத்தில் பேசாமல் இருக்கக் கோபம் தேவைப்பட்டது. பிறகு கோபம் போய்விட்டது, பேசாமை தங்கிவிட்டது. வாடகைக்கு வந்தவன் வீட்டுக்காரன் ஆனதுபோல.

ஆனால் முழு மௌனம் என்று சொல்ல முடியாது. தொட்டி இருந்தது. மூடியைத் திறந்தால் அந்தப் பக்கத்து ஓசைகள் தண்ணீர்மேல் நடந்து வந்துவிடும். அக்கா இருமுவது, செருப்பைக் கழற்றிப் போடுவது, ஆஸ்பத்திரி வேலை முடிந்து வந்து நாற்காலியை இழுப்பது. வருஷக்கணக்காக அவர் அக்காவை அப்படித்தான் அறிந்துவந்தார். சளி பிடித்தால் இங்கிருந்தே தெரியும். என்ன மாத்திரை சாப்பிட்டாய் என்று கேட்கத்தான் முடியாது.

வறட்சி தொடங்கிய புதிதில் ஒருநாள் மூடியைத் திறந்து வாளியை இறக்கியபோது, அந்தப் பக்கத்திலிருந்து அக்காவின் குரல் யாரிடமோ சொல்வது கேட்டது. “பக்கத்துல கடைக்காரருக்குத் தண்ணிச் செலவு ஜாஸ்தி.”

செலவு ஜாஸ்தி என்றதைக்கூட அவர் பொறுத்துக்கொண்டிருப்பார். கடைக்காரர் என்றதைத்தான் பொறுக்க முடியவில்லை. வாளியைக் காலியாகவே மேலே இழுத்தார். மூடியைச் சாத்தி ஒரு கல்லைத் தூக்கி அதன்மேல் வைத்தார். இனி இதிலிருந்து ஒரு சொட்டு எடுக்கப்போவதில்லை என்று மனைவியிடம் சொன்னார். மனைவி அவரை ஏற இறங்கப் பார்த்தாள்.

“உங்க ரோஷத்துல துணி துவைக்க முடியுமா?” என்று கேட்டாள்.

முடியவில்லைதான். அவள் பக்கத்துத் தெருவுக்குத் தண்ணீர் லாரி வரும்போது, அந்தத் தெருக்காரிபோல முகத்தை வைத்துக்கொண்டு வரிசையில் நின்றாள். அவர் விடிந்ததும் பஸ் டிப்போவுக்குப் போய், மெக்கானிக் நண்பனின் தயவில் வண்டி கழுவும் இடத்தில் குளித்துவிட்டு வந்தார். கடையில் தலைக்குத் தண்ணீர் பீய்ச்சும் புட்டியை இரண்டு அழுத்தோடு நிறுத்திக்கொண்டார். இப்போதெல்லாம் வெட்டுகிறாயா, பிடுங்குகிறாயா என்று தபால்காரர் கேட்டார்.

இத்தனைக்கும் அந்தப் பக்கம் மோட்டார் ஓடும் சத்தம் அவர் காதில் விழவே இல்லை. அதற்கும் அவரிடம் ஒரு விளக்கம் இருந்தது. சத்தம் வராமல் வாளியால் மொண்டுகொள்கிறாள், கெட்டிக்காரி. அந்த நினைப்பை அவர் தினமும் ஒருமுறை எடுத்துத் துடைத்து வைத்துக்கொண்டார்.

நகராட்சியின் தண்ணீர் ஆய்வாளர் வெயில் ஏறுவதற்குள் வந்துவிட்டார். யாரோ போன் செய்திருந்தார்கள். வெயிலில் கருத்து, தூக்கம் போதாத கண்களோடு, எல்லா வீட்டிலும் ஒரே பொய்யைக் கேட்டுச் சலித்தவர் போல இருந்தார். கல்லைக் காலால் தள்ளிவிட்டு மூடியைத் தூக்கினார். தொட்டி கழுத்துவரை நிறைந்திருந்தது. மேலே இருந்த மிதவைப் பந்து துருப்பிடித்து ஒரு பக்கமாகச் சாய்ந்து கிடந்தது. தொட்டி நிறைந்தால் தண்ணீரை நிறுத்த வேண்டியது அதுதான். தொட்டி நிறைந்தே பல வருஷம் ஆகியிருந்ததால் அது வேலையை மறந்துவிட்டது.

“ஊரே நாக்கைத் தொங்கப் போட்டுக்கிட்டு கிடக்கு. நீங்க குளமே வெச்சிருக்கீங்க” என்றார் ஆய்வாளர்.

ஆய்வாளர் குனிந்து உள்ளே எட்டிப் பார்த்தார். சுவருக்கு அடியில் தண்ணீர் அந்தப் பக்கமும் தொடர்ந்து போவதைக் கண்டுகொண்டார். அது யார் வீடு என்று கேட்டார். சலூன்காரர் யோசித்தார். “பக்கத்து வீட்டுக்காரங்க” என்றார்.

ஆய்வாளர் போய்க் கதவைத் தட்டினார். அக்கா எக்ஸ்ரே அறைக்குப் போட்டுப்போகும் வெள்ளைக் கோட்டைக் கையில் மடித்துப் பிடித்துக்கொண்டு வெளியே வந்தாள். தலை முன்பைவிட நரைத்திருந்தது. தம்பி நின்ற திசையை மட்டும் விட்டுவிட்டு மற்ற எல்லாத் திசையையும் பார்த்தாள். எத்தனை பேர் இருக்கிறீர்கள், எவ்வளவு எடுக்கிறீர்கள் என்று ஆய்வாளர் கேட்டார். அந்தப் பக்கம் எவ்வளவு எடுக்கிறார்கள் என்று அவங்களையே கேளுங்கள் என்றாள். ஆய்வாளர் இந்தப் பக்கம் திரும்பினார். முதலில் அவங்க சொல்லட்டும் என்றார் சலூன்காரர். இரண்டு முறை இப்படி நடந்ததும் ஆய்வாளருக்குப் பொறுமை போய்விட்டது.

“நான் என்ன உங்க ரெண்டு பேருக்கும் தபால்காரனா?”

“என்னைப் பாக்காதீங்க, நான் ரிட்டயர் ஆயிட்டேன்” என்றார் பெஞ்சிலிருந்த தபால்காரர்.

ஆய்வாளர் விதியைச் சொன்னார். ஒரு தொட்டிக்கு ஓர் இணைப்புதான். இது இரண்டு எண்ணைக் காட்டி இரண்டு நாளும் நிரம்பியிருக்கிறது. சாயங்காலம் லாரியோடு வருவார், பாதிக்கு மேல் இருப்பதை உறிஞ்சிக்கொண்டு போவார். அப்போது எந்த இணைப்பை வைத்துக்கொள்வது, எதை மூடுவது என்று இரண்டு வீட்டாரும் சேர்ந்து நின்று ஒரே பதிலாகச் சொல்ல வேண்டும்.

“தனித்தனியா வந்து காதுல சொன்னா செல்லாது. ஒத்துவரலைன்னா ரெண்டுக்கும் சீல். பதுக்கல் கேஸும் எழுதுவேன். கேஸ் விழுந்தா கடை லைசென்ஸ் புதுப்பிக்க மாட்டாங்க, இப்பவே சொல்லிட்டேன்.”

அவர் போன பிறகு தெருவில் ஈரம் காய்ந்துவிட்டது. அக்கா வேலைக்குப் போய்விட்டாள்.

சலூன்காரர் அன்றைக்கு வெட்டிய தலைகள் எதுவும் சரியாக அமையவில்லை. ஒருவனின் கிருதாவை ஏற்றிவிட்டார், அதற்கு ஈடாக மறுபக்கத்தையும் ஏற்ற வேண்டியதாயிற்று. கத்தரியை எடுப்பார், கண்ணாடியைப் பார்ப்பார், கத்தரியை வைப்பார். கண்ணாடியில் ஒட்டியிருந்த தாளை முதல்முறையாக அவரே வரிவரியாகப் படித்தார்.

லைசென்ஸ் போனால் கடை போகும். அந்தப் பயம் இருந்தது. ஆனால் அவரை நிலைகொள்ளாமல் அலைத்தது அதுவல்ல. கழுத்துவரை நின்ற அந்தத் தண்ணீர். அவர் எடுக்கவில்லை. அவளும் எடுக்காமல் இருந்தால்தானே தொட்டி அப்படி நிறையும்? அவள் எடுக்கவில்லை என்றால் இத்தனை நாள் யார்மேல் கோபமாக இருந்தார்? தினமும் துடைத்து வைத்த பொருளைக் கையில் எடுத்துப் பார்த்தால் அது அங்கே இல்லை. கால் வைத்த படி காணாமல் போனதுபோல இருந்தது.

மனைவி தானே போய்ப் பேசுவதாகச் சொன்னாள். வேண்டாம் என்றார். அப்படியானால் நீங்கள் போங்கள் என்றாள். போகிறேன் என்றார். கடைக் கதவைப் பாதி இறக்கிவிட்டு, அக்காவின் வாசல்வரை போய், பூட்டைப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்தார். பூட்டியிருக்கும் என்று தெரிந்துதான் போனார் என்பது மனைவிக்கும் தெரிந்தது. அவள் ஒன்றும் சொல்லாததுதான் அவரை இன்னும் குடைந்தது.

வெயில் சாயத் தொடங்கிய நேரத்தில் அந்தப் பக்கம் பூட்டுத் திறக்கும் ஓசை கேட்டது. இன்று சீக்கிரமே வந்துவிட்டாள். நாற்காலியில் இருந்தவனை அனுப்பிவிட்டு, துணியை உதறி மாட்டிவிட்டு, சந்துக்குப் போனார். மூடியைத் தூக்கிச் சுவரில் சாய்த்தார். முழங்காலிட்டுக் குனிந்தார்.

தண்ணீரில் அவர் முகம் தெரிந்தது. அதற்கு அப்பால், சுவரின் நிழல் கறுப்பாக விழுந்த இடத்தைத் தாண்டி, ஒரு சதுர வெளிச்சம் தண்ணீர்மேல் கிடந்தது. அந்தப் பக்கத்து மூடியும் திறந்திருந்தது. வெளிச்சத்தின் ஓரத்தில் ஒரு தலையின் நிழல்.

அவர் அசையவில்லை. அந்த நிழலும் அசையவில்லை. சில்லென்ற சிமெண்ட் வாசனை மேலே வந்தது. தெருவில் ஒரு சைக்கிள் மணி அடித்துவிட்டுப் போயிற்று. யார் வீட்டிலோ பாத்திரம் விழுந்தது. மூட்டு வலித்தது, ஆனால் அவர் காலை மாற்றவில்லை. மாற்றினால் எழுந்துவிட்டார் என்று அந்தப் பக்கம் நினைத்துவிடக்கூடும். அந்தப் பக்கமும் அப்படித்தான் மூச்சைப் பிடித்துக்கொண்டிருக்கிறது என்று அவருக்குத் தோன்றியது. இத்தனை வருஷத்து மௌனத்தில் இதுதான் மிக நீளமானது.

“ஏன் எடுக்கல?” என்றார் கடைசியில். குரல் தண்ணீரில் பட்டு வேறு யாருடையதோபோலத் திரும்பி வந்தது.

அந்தப் பக்கத்திலிருந்து பதில் வந்தது. “நீ ஏன் எடுக்கல?”

“எனக்குத் தேவைப்படல.”

“பஸ் டிப்போவுல குளிக்கறவனுக்குத் தேவைப்படாதுதான்.”

அவர் திடுக்கிட்டார். யார் சொன்னது என்று கேட்டார்.

“சொல்லணுமா? நீ குனிஞ்சதுமே டீசல் வாசம் தூக்குது.”

அவள் எங்கே குளித்தாள் என்பதும் அவருக்கு அப்போதுதான் விளங்கியது. ஆஸ்பத்திரிக்குத் தண்ணீர் வெட்டு கிடையாது. காலையில் கோட்டோடு அவள் ஒரு பையும் தூக்கிப் போவாள். அது அழுக்குத் துணிப் பை. தினமும் பார்த்திருக்கிறார். சாப்பாடு என்று நினைத்திருந்தார்.

“கடைக்காரருக்குத் தண்ணிச் செலவு ஜாஸ்தின்னு சொன்னியே” என்றார். சொல்லும்போதே அது எவ்வளவு சின்ன விஷயம் என்று தெரிந்தது. ஆனாலும் சொல்லி முடித்தார். “கடைக்காரராம்.”

நிழல் அசைந்தது. “ஒத்த உசுருக்கு எதுக்கு இவ்ளோ தண்ணின்னு அங்கேருந்து வந்துச்சு. அதுக்கு ஒரு சிரிப்பும் வந்துச்சு.”

சொன்னது மனைவி. சிரித்தது அவர். சாப்பிட்டுக்கொண்டிருந்தார், ஏதோ நினைவில் சிரித்தார், அவ்வளவுதான். மூடி திறந்திருந்திருக்கிறது. அந்தச் சிரிப்பை இப்போது திரும்ப வாங்கிக்கொள்ள வழியில்லை.

“எந்தப் பக்கத்தை வெச்சுக்கறது?” என்றாள் அக்கா.

“உன் பக்கம் இருக்கட்டும்.”

“கடை வெச்சிருக்கறவன் நீ. உன் பக்கமே இருக்கட்டும்.”

“வேணாம். நாளைக்குக் கடைக்காரன் அமுக்கிட்டான்னு பேச்சு வரும்.”

“அப்ப நீ மொண்டு குடுத்து நான் குடிக்கணும்னு சொல்றியா?”

“நான்தானே உன் பக்கம் வெச்சுக்கச் சொல்றேன். நீ குடுத்து நான் குடிக்கறேன்னு சொல்றேன்.”

“எனக்கு ஒருத்தருக்குக் குடுத்துக் கணக்குப் பாக்கற புத்தி கிடையாது.”

“எனக்கு மட்டும் இருக்கா?”

குரல் ஏறிவிட்டது. தொட்டி அதை இரண்டு மடங்காக்கித் தெருவுக்கு அனுப்பியது. மனைவி ஓடி வந்தாள். சண்டை என்று தெரிந்ததும் நின்றாள். பேசுகிறார்கள் என்று தெரிந்ததும் சுவரில் சாய்ந்துகொண்டாள். விட்டுக்கொடுப்பதில் யார் பெரியவர் என்று அடித்துக்கொள்ளும் இரண்டு பேரை அவள் அதுவரை பார்த்ததில்லை. அளக்காமல் விட்ட அந்த ஒரு சாண் சுவரும் அந்தச் சண்டையில் ஒருமுறை வந்து போயிற்று.

லாரி தெருமுனையில் திரும்பும் சத்தம் கேட்டதும் இருவரும் ஒரே நேரத்தில் வாயை மூடினார்கள்.

லாரிக்காரர் தடித்த குழாயை இறக்கினார். தொட்டித் தண்ணீர் உறுமிக்கொண்டு இறங்கத் தொடங்கியது. தெருவே கூடி நின்று பார்த்தது. ஆய்வாளர் சீல் வைக்கும் கம்பியையும் ஈயக் குண்டையும் உள்ளங்கையில் உருட்டியபடி கடைப்படிக்கும் அக்கா வீட்டுப் படிக்கும் நடுவில் நின்றார். இருவரும் எடுக்காததால்தான் நிறைந்தது என்பதை மனைவி அவரிடம் எடுத்துச் சொன்னாள். அவர் முதலில் நம்பவில்லை. தூசி படிந்த இரண்டு மோட்டாரையும் தொட்டுப் பார்த்துவிட்டு வந்தார்.

“ஆறு மாசமா நாங்க விதி போட்டு மிச்சம் பண்ணதைவிட உங்க ரோஷம் மிச்சம் பண்ணது அதிகம்” என்றார். “தண்ணியை நீங்களா குடுத்ததா எழுதிக்கறேன். கேஸ் இல்ல. ஆனா சீல் உண்டு. எந்தப் பக்கம்?”

சலூன்காரர் வாயைத் திறந்தார். எதைச் சொன்னாலும் மறுபடி ஆரம்பித்துவிடும் என்று தெரிந்தது. அவர் அக்காவை நேராகப் பார்த்தார். அவளும் பார்த்தாள். எவ்வளவு களைத்துப்போன முகம். அதில் அப்பாவின் சாயல் அவர் நினைத்திருந்ததைவிடக் கூடுதலாக இருந்தது.

“என் பக்கம் மூடிடுங்க” என்றாள் அக்கா, ஆய்வாளரிடம். “தண்ணி விடற நேரம் எனக்கு டியூட்டி. அவன் விடியறதுக்கு முன்னாடியே எந்திரிக்கறவன்.”

அது சாக்கு என்று அவருக்குத் தெரியும். அவளுக்கு டியூட்டி மாறி மாறி வரும். இரண்டு கையாலும் தூக்கிக் கொடுத்ததைச் சின்ன விஷயம்போலக் காட்டுகிறாள். மறுக்க வேண்டும் என்று வாயெடுத்தார்.

“நீங்க என்ன சொல்றீங்க?” என்றார் ஆய்வாளர்.

“அக்கா சொன்னதுதான்.”

அந்தச் சொல்லைத் தெருவில், எல்லோர் முன்பும், எவ்வளவோ காலத்துக்குப் பிறகு சொன்னார். தபால்காரர் பெஞ்சில் நிமிர்ந்து உட்கார்ந்தார். நல்லவேளை, அவர் ஒன்றும் சொல்லவில்லை. ஆய்வாளர் குனிந்து அக்கா வீட்டுக் குழாய்க் கழுத்தில் கம்பியைச் சுற்றி ஈயத்தை நசுக்கினார். இனிமேல் இரண்டு வீட்டுக்கும் சேர்த்து ஒன்றுவிட்டு ஒரு நாள்தான் தண்ணீர்.

அந்த வாரம் முழுக்க அவருக்குச் சரியான தூக்கம் இல்லை. கோபமாக இருந்தபோது நன்றாகத் தூங்கியவர்தான். இப்போது தண்ணீர் வரும் நாளில் இருட்டோடு எழுந்து குழாயடியில் போய் உட்கார்ந்துகொண்டார். காற்று வரும், இருமும், பிறகு நூல்போலத் தண்ணீர் வரும். அது தொட்டியில் விழும் ஓசையைக் கேட்டபடி, தண்ணீர் வந்துவிட்டதை அக்காவிடம் எப்போது சொல்வது, எப்படிச் சொல்வது என்று யோசிப்பார். புது மிதவைப் பந்து வாங்கி மாட்டியிருந்தார். அது எழும்பி நிற்கும் அளவுக்கு ஒரு நாளும் தண்ணீர் வரவில்லை.

முதல் இரண்டு முறை மனைவியைவிட்டுச் சொல்லச் சொன்னார். மூன்றாம் முறை மனைவி போர்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு, சொல்ல வேண்டியவருக்கு வாய் இருக்கிறது என்றாள்.

விடிந்துகொண்டிருந்தது. அவர் மூடியைத் தூக்கினார். அந்தப் பக்கத்து மூடி திறந்தே இருந்தது.

“தண்ணி வந்து நின்னுடுச்சு” என்றார் உள்ளே.

நாற்காலி நகர்ந்தது, செருப்பு நடந்தது, சுவிட்சு தட்டும் ஓசை. பிறகு அக்காவின் மோட்டார் முனகி, திணறி, ஓடத் தொடங்கியது. தண்ணீரில் நடுக்கம் பரவி அவர் பக்கம் வந்தது. அவர் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தார். கேட்க நன்றாகத்தான் இருந்தது.

மோட்டார் ஓடியது. இன்னும் ஓடியது. தொட்டியின் சுவரில் ஈரக்கோடு மெல்லக் கீழே இறங்கியது. அவர் கடையைத் திறக்க வேண்டும். மனைவி துணியை ஊறப் போட்டிருக்கிறாள். இன்னுமா நிறுத்தவில்லை என்று உள்ளே ஏதோ ஒன்று தலையைத் தூக்கியது. பழைய ஆசாமி, எங்கேயும் போகவில்லை, கல்லுக்கு அடியிலேயே இருந்திருக்கிறான். சலூன்காரர் மூடியின் விளிம்பை இறுகப் பிடித்தார். எழுந்து போய்விட்டால் கண்ணில் படாது. எழவும் முடியவில்லை.

மோட்டார் நின்றது.

“போதுமா, இன்னும் கொஞ்சம் எடுத்துக்கவா?” என்று அந்தப் பக்கத்திலிருந்து கேட்டாள் அக்கா. கேட்ட விதத்தில் அவளும் அந்த ஈரக்கோட்டைத்தான் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாள் என்று தெரிந்தது.

தண்ணீரின் நடுக்கம் அடங்கும்வரை காத்திருந்தார். அடங்கியதும் அதில் அவர் முகமும், தூரத்தில் அந்தச் சதுர வெளிச்சமும் தெரிந்தன.

“இன்னிக்குப் போதும்க்கா” என்றார். “நாங்க துணி ஊறப் போட்டிருக்கோம்.”

அந்தப் பக்கம் மௌனம். அவர் அந்த மௌனத்தை எடை போட்டுப் பார்த்தார். பழைய மௌனமா, புதிதா என்று தெரியவில்லை.

“சரி, அப்ப உன் மோட்டாரைப் போடு” என்றாள் அக்கா. அந்தப் பக்கத்து மூடி சாத்தும் ஓசைக்காகக் காதைத் தீட்டிக்கொண்டு அவர் அங்கேயே உட்கார்ந்திருந்தார். அது சாத்தப்படவில்லை. அவரும் சாத்தாமல் எழுந்து மோட்டாரைப் போடப் போனார்.